ஐந்தாம் தேதிப் பணம்

மாதா மாதம் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. சந்தை ஏறியதா, இறங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுவது இவ்வளவுதான். 2024 அக்டோபரில் இப்படித் தவணை தவணையாக வந்த பணம் முதன்முறையாக ஒரே மாதத்தில் 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சீட்டுக் கட்டிப் பழகிய வீடுகளுக்கு இதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. ஆனால் விற்பவர்கள் இதற்குச் சொல்லும் காரணத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

‘ஆவரேஜ் ஆகும்’ என்பதே அவர்களுடைய மந்திரம். யூனிட் விலை மூன்று மாதங்களில் 20, 10, 20 ரூபாய் என்று போகிறது. மாதம் 5,000 போட்டவருக்கு 250, 500, 250 என்று 1,000 யூனிட் சேர்கிறது. அடக்க விலை 15 ரூபாய். மூன்று விலைகளின் சராசரியோ 16.67. கணக்கு சரிதான். விலை பத்துக்கு இறங்கி அங்கேயே படுத்துவிட்டாலும் அடக்க விலை சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும்; கையில் நஷ்டமும் இருக்கும். விலை 10, 20, 40 என்று ஏறினாலோ அடக்கம் 17 ரூபாயைத் தாண்டிவிடுகிறது, முதல் மாதமே மொத்தமாகப் போட்டவருக்கு அது பத்துதான். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய விலைகளை வைத்து 2012இல் வேன்கார்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை மொத்தமாகப் போட்டதே முந்தியது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொத்தமாகப் போட அவரிடம் மொத்தம் ஏது?

எஸ்.ஐ.பி.யின் நிஜமான பலம் மனசு சம்பந்தப்பட்டது. 2020 மார்ச் 23 அன்று பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. ஊரடங்கு, வேலை போகுமா என்ற பயம். அந்த வாரம் பங்கு வாங்கச் சொல்லியிருந்தால் எனக்குக் கை வந்திருக்காது. அடுத்த மாதத் தவணையை எடுத்துக்கொண்டது பயப்படத் தெரியாத வங்கிக் கணினி. டிசம்பர் கடைசியில் நிஃப்டி 14,000ஐ நெருங்கி நின்றது.

அந்தக் கணினியை நிறுத்தும் பொத்தானும் நம் கையில்தான் இருக்கிறது. சீட்டில் ஒரு மாதம் தவறினால் சீட்டுப் பிடிப்பவர் வாசலில் வந்து நிற்பார்; நாலு பேருக்குத் தெரிந்துபோகும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து சந்தை வழுக்கிக்கொண்டிருந்த நேரம், 2025 ஜனவரியில் சுமார் 56 லட்சம் எஸ்.ஐ.பி.கள் புதிதாகத் தொடங்கின. நின்றவையும் முடிந்தவையும் சேர்ந்து 61 லட்சம். தவணைக்காலம் முடிந்தவர்களையும் செயல்படாத கணக்குகளைக் களைந்ததையும் கழித்தே இதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், மலிவாகக் கிடைக்கும் நேரத்தில்தான் பலருக்குக் கை பின்வாங்குகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, விளம்பரங்களில் அது வருவதில்லை. ஆவரேஜ் வேலை செய்வது ஆரம்ப வருடங்களில் மட்டும். மாதம் 5,000 வீதம் 15 வருடம், ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் போட்டது 9 லட்சம், சேர்ந்தது சுமார் 25 லட்சம். அந்த நிலையில் அடுத்த தவணை என்பது மொத்தத்தில் 0.2 சதவீதம், குளத்தில் ஒரு செம்பு தண்ணீர். அப்போது சந்தை 40 சதவீதம் விழுந்தால் மிஞ்சுவது 15 லட்சம். அதற்கான வருமானம் ஆண்டுக்கு ஆறரை சதவீத அளவுதான் வரும். 2020 ஏப்ரலிலிருந்து அரசு சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப். தருவதே 7.1. முதல் வருடத்தில் விழுந்த சந்தை லாபம். பதினைந்தாம் வருடத்தில் விழுந்த சந்தை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். தவணை முறை இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது.

பரிகாரம் தெரியாததல்ல. பணம் தேவைப்படும் வருடத்துக்கு மூன்று நான்கு வருடம் முன்பே சேர்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் பத்திர ஃபண்டுக்கோ வைப்புத்தொகைக்கோ மாற்ற வேண்டும். அதை யார் ஞாபகப்படுத்துவது? 2013 ஜனவரி முதல் இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளான் இருக்கிறது. அதில் செலவு குறைவு, ஞாபகப்படுத்த ஆளும் இல்லை. ரெகுலர் பிளானில் ஆள் உண்டு. ஆனால் சேர்ந்த மொத்தத்தின் மீது ஆண்டுதோறும் அவருக்குக் கமிஷன் வருகிறது, ஈக்விட்டி ஃபண்டில் அது பெரும்பாலும் கூடுதல். வெளியே எடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வருவது கடினம்.

எஸ்.ஐ.பி. படிவத்தில் முடியும் தேதி என்ற கட்டத்தில் 2099 டிசம்பர் என்று நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்கள் நிறைய உண்டு. 2023 அக்டோபரிலிருந்து 30 ஆண்டு என்று வரம்பு வைத்தார்கள். மகள் பிளஸ் டூ முடிக்கும் வருடத்தைக் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இன்னும் வரவில்லை.