கல்லில் வரைந்த அழைப்பு

நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரத்தில் ஒரு சுவரொட்டி உண்டு. ஜெர்மனியின் வைமார் நகரில் 1923-ஆம் ஆண்டு பௌஹவுஸ் கலைப்பள்ளி நடத்திய கண்காட்சிக்கென யோஸ்ட் ஷ்மிட் என்பவர் வரைந்தது அது. சில மாதங்கள் சுவரில் இருந்து, மழையில் நனைந்து கிழிந்து போயிருக்க வேண்டிய தாள், நூறாண்டு கடந்தும் பேணப்பட்டு வருகிறது. அதன் படத்தை அண்மையில் ஒரு நூலில் கண்ணுற்றேன். வாழ்நாளின் பெரும்பகுதியை எழுத்தோடு கழித்தவன் என்ற உரிமையில் சில சொல்லத் தோன்றுகிறது.

வெளிறிய தாளில் சிவப்பு, கறுப்பு என இரண்டே வண்ணங்கள் ஓங்கி நிற்கின்றன. வட்டமும் பட்டைகளுமாக அமைந்த உருவம் முழுவதும் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. விழுந்துவிடுமோ என்று தோன்றும், ஆனால் விழாது. வட்டத்தினுள் பக்கவாட்டில் ஒரு மனித முகம். அம்முகம் ஷ்மிட்டினுடையதன்று. அப்பள்ளியின் முத்திரைக்காக 1922-இல் ஆஸ்கர் ஷ்லெம்மர் வரைந்ததை இவர் எடுத்தாண்டிருக்கிறார். நெற்றி, மூக்கு, உதடு, தாடை யாவும் நேர்க்கோடும் செங்கோணமுமே. கண்ணோ ஒரு சிறு சதுரம். முகம் என்று எவரும் சொல்லிவிடுவர். யாருடைய முகம் என்று எவராலும் சொல்ல இயலாது.

எழுத்துகளும் அப்படியே. சுழிப்பில்லை, கொடியில்லை, அணியில்லை. பட்டைகளோடு பட்டைகளாக நிற்கின்றன. சதுரக் கூஃபி எழுத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுமையன்று. அங்கும் எழுத்தே செங்கல்லாகிச் சுவரில் படிந்துவிடும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. என் மனத்தில் தங்கி நிற்பதும் அதுதான். கூஃபியில் எழுதப்பட்ட வாசகம் பெரும்பாலும் காண்பவனுக்கு முன்பே மனப்பாடம். எழுத்து உருவத்துள் ஒளிந்துகொண்டாலும் அவனுக்கு இழப்பில்லை. சுவரொட்டியோ முன்பின் அறியாதவனிடம் பேச வந்தது. எந்த ஊர், எந்த மாதம் என்று அவன் கேட்கிறான். அதை அறிய அவன் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. இதைக் குறையென்றே கருதுகிறேன். ஆனால் தலையைச் சாய்ப்பதற்காக அவன் நின்றானல்லவா, அந்த நிற்றலைத்தான் ஷ்மிட் விலைக்கு வாங்கினார் என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளவும் எனக்கு இயலவில்லை.

அக்கண்காட்சி மனமுவந்து எடுத்த விழாவன்று என்பதை அறிந்தால் இச்சாய்வின் பதற்றம் விளங்கும். வால்டர் குரோப்பியஸ் 1919-இல் நிறுவிய அப்பள்ளி அரசின் பணத்தில் நடந்தது. செலவிட்ட பணத்துக்கு என்ன செய்தீர்கள், காட்டுங்கள் என்று துரிங்கியா மாநில அரசு கேட்டது. ஊரில் பகைவரும் பலர். நாட்டிலோ பணம் நாள்தோறும் உருகிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் என்ற நிலை வந்தது. அந்தக் கோடைக்காலத்திலேயே அப்பள்ளியின் மாணவர் ஹெர்பர்ட் பாயர், மாநில வங்கிக்காகப் பத்து லட்சம் மார்க் நோட்டை வடிவமைத்தார். அதிலும் இதே அணியற்ற எழுத்துதான். ஒரே பள்ளியில், ஒரே ஆண்டில், ஒரே வகை எழுத்து இரண்டு தாள்களில் ஏறியது. நோட்டு சில வாரங்களில் செல்லாக்காசு போலாயிற்று. சுவரொட்டிக்கு இன்று மதிப்பு மிகுந்திருக்கிறது.

கலையும் தொழில்நுட்பமும் ஒன்றுபட வேண்டும் என்பதே அவ்வாண்டு குரோப்பியஸ் முழங்கிய கொள்கை. சுவரொட்டியும் எந்திரம் பெற்ற பிள்ளை போலவே தோற்றம் தருகிறது. உண்மை வேறு. அது கல்லச்சு. நம் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கிதாபுகள் பல எம்முறையில் அச்சாயினவோ அதே முறை. கல்லின் மேல் நெய்ப்பசை கலந்த மையால் எழுத்து ஏறும். கல்லை நீரால் நனைத்தால் வெற்றிடம் நீரைப் பிடித்துக்கொள்ளும், எழுத்து மையை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஈய எழுத்தைக் கோக்கும் வேலையே அதில் இல்லை. காத்திபின் கை எப்படி ஓடியதோ அப்படியே தாளில் விழும். ஆகவே ஷ்மிட்டின் எழுத்துகள் கையால் வரைந்தவையே. எந்திரத்தைப் பாடும் பாட்டைக் கை பாடியிருக்கிறது.

இதைப் பொய் என்பது கடுமையாகும். வரைந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். அந்நாளில் அவர் எழுத்துக்கலை ஆசிரியரல்லர். மரமும் கல்லும் செதுக்கும் பட்டறையில் பயின்ற மாணவர். பெர்லினில் சோமர்பெல்ட் இல்லத்துக்குத் தேக்கில் சிற்ப வேலை செய்தவர். அதை அறிந்தபின் பட்டைகளை மறுபடி நோக்கினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும் அவை உளி பிடித்தவன் எண்ணத்தில் எழுந்த தளங்கள். கணக்கன் கோலால் இழுத்த கோடுகளாக எனக்குத் தோன்றவில்லை. இச்சுவரொட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதைப் பின்பற்றிப் பின்னாளில் வந்த எண்ணற்ற சாய்வு எழுத்து விளம்பரங்களில் அது இல்லை. அவர்கள் சாய்வை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

கண்காட்சியைக் காணப் பல்லாயிரவர் வந்தனர். அதனால் பள்ளி பிழைத்துவிடவில்லை. 1924 தேர்தலுக்குப் பின் வந்த அரசு மானியத்தைப் பாதியாகக் குறைத்தது. 1925-இல் பள்ளி டெஸ்ஸாவுக்குப் பெயர்ந்தது; அங்கே ஷ்மிட் எழுத்துக்கலை கற்பிக்கும் ஆசிரியரானார். 1932-இல் பெர்லினுக்குப் பெயர்ந்து, 1933-இல் நாஜிகளின் நெருக்கடியால் பள்ளி மூடப்பட்டது. 1938-இல் நியூயார்க் அருங்காட்சியகம் பௌஹவுஸைப் பற்றி ஒரு பெருங்கண்காட்சி நடத்தியபோது அதை அமைத்துக் கொடுத்தவர் நோட்டு வரைந்த அதே பாயர்.

இன்னொன்று. சுவரொட்டியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றிருக்கிறது. வேலைகள் முடியாமல் கண்காட்சி ஆகஸ்ட் 15 அன்றுதான் திறக்கப்பட்டது. கல்லில் எழுதியாயிற்று, தாளில் ஜூலை இன்றும் ஜூலையாகவே இருக்கிறது.