தேயிலையும் மனிதரும்: இரு சிறு நூதனசாலைகள் பற்றிய ஒரு நோக்கு

நூதனசாலை என்றதும் 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றது. நாட்டின் வரலாறு முழுவதையும் ஒரு கூரையின்கீழ்க் காட்ட முனைவது அதன் இயல்பு. ஒரு பொருளை மாத்திரம் எடுத்து ஆழமாக விளக்கும் சிறு நூதனசாலைகளின் கவர்ச்சி வேறு வகையினது. கண்டி மாவட்டத்திலுள்ள அத்தகைய இரண்டினை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, 2001இல் திறக்கப்பட்ட ஹந்தானைத் தேயிலை நூதனசாலை. 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டிடமே அதன் இருப்பிடமாகும். பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் பற்றிய காட்சிப் பொருட்களும் அங்கு செவ்வனே பேணப்படுகின்றன. கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்து தேயிலையாகும் முறையினை அவ்வியந்திரங்களின் அருகில் நின்று அறிவது நூல்கள் தரமுடியாத பேறாகும். எனினும், அங்கு கூறப்படும் கதையின் நாயகர்கள் இயந்திரமும் துரையுமே. கொழுந்து கிள்ளிய கைகள் அல்ல.

அக்கைகளின் கதையைச் சொல்வது கம்பளைக்கு அண்மையில் 2007இல் நிறுவப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. லயன் காம்பராவே இங்கு காட்சிக்கூடம். ஒரு குடும்பம் முழுவதும் அந்த ஒற்றை அறைக்குள் எவ்வாறு வாழ்ந்தது என்பதை உணர்த்த வேறு விளக்கம் வேண்டுவதில்லை. வீட்டுப் புழங்கு பொருட்களுடன் ஆவணங்களும் சேர்க்கப்பட்டிருத்தல் சிறப்பாக நோக்கற்பாலது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கும், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட மக்களுக்கும் ஒரு துண்டுக் கடதாசி வெறும் பழம்பொருளன்று. அதுவே அவர்தம் இருப்பின் சான்று.

ஆயினும், உல்லாசப் பயணிகளின் பாதையில் அமைந்த முன்னையது பெறும் கவனம் பின்னையதற்குக் கிட்டுவதில்லை. இதனை விளம்பரக் குறைபாடு எனக் கொள்ளல் போதாது. எவருடைய உழைப்பு வரலாறாகக் கருதப்படுகின்றது என்ற வினா இதனுள் அடங்கியுள்ளது. அதேவேளை, இரக்கத்தை மாத்திரம் எதிர்பார்ப்பது சிறு நூதனசாலையொன்றை வாழவைக்காது. ஒவ்வொரு பொருளும் எத்தோட்டத்தது, எவர் பயன்படுத்தியது, அவர் அதனை எப்பெயரால் அழைத்தார் என்பன பதிவு செய்யப்படும்போதே அது ஆய்வுக்குரிய சான்றாகின்றது.

லயன்கள் தனி வீடுகளாக மாறிவருவது வரவேற்கத்தக்கதே. ஆனால், பழைய தகரப் பெட்டிகளுள் கிடந்த கடதாசிகளும் அம்மாற்றத்தோடு அழிந்துவிடலாகாது. அவற்றைத் தேடிப் பதியும் பணி பல்கலைக்கழக மாணவர் கைக்கெட்டியது. ஹந்தானைக்குச் செல்லும் மாணவர் குழு கம்பளைக்கும் செல்லுமாயின் தேயிலையின் வரலாறு அதற்கு முழுமையாகப் புலப்படும் என்பது நமது துணிபு.