புரவி வந்தது, பயிற்சி வந்ததா?

சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளுக்கான ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவதை மரபாகக் கொண்டுள்ளன. அங்கு அச்சாகி ஊரெங்கும் செல்லும் படங்களுள் பாய்ந்தோடும் வெண்குதிரைகளின் படமும் ஒன்று. பிடரி மயிர் காற்றில் பறக்க, கால்களின் கீழ் நீரோ புழுதியோ தெறிக்க, அவை கூட்டமாக ஓடிவருகின்றன. அவற்றுக்குச் சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, மேலே ஆளும் இல்லை. செல்வத்துக்கும் வெற்றிக்கும் அடையாளம் என்று கருதி வாங்குவோர் அவற்றைக் கடைச்சுவரில் மாட்டுகின்றனர். உயிருருவம் வேண்டாம் என்று கஅபாவின் படத்தையும் மதீனாவின் படத்தையும் தேர்ந்துகொள்வோர் நம்மில் பலர். எனினும் அந்தக் குதிரைப் படத்தின் மனப்பான்மை நம்மையும் விட்டுவைக்கவில்லை. குதிரையின் வேகத்தைக் கொண்டாடி, அதைப் பழக்கிய கையை மறந்துவிடும் மனப்பான்மையையே இங்குக் குறிப்பிடுகின்றோம்.

தமிழ் முஸ்லிம்களின் வரலாறு பற்றி நாம் எழுதிவரும் கட்டுரைகளில் இம்மறதி நன்கு புலப்படும். அரபுக் குதிரை வணிகம் அவற்றில் பெருமிதத்தோடு பேசப்படுகிறது. இராவுத்தர் என்னும் சொல் குதிரைவீரரைக் குறித்தது என்பதும், அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என விளித்தார் என்பதும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகின்றன. இவை உண்மைகளே. விருதுநகர் மாவட்டத்து ஊர்களிலும் அப்பட்டம் இன்றளவும் வழங்கிவருகிறது. ஆனால் பட்டத்தைச் சுமக்கும் நாம், அப்பட்டத்துக்குக் காரணமான கலையைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கின்றோம்? குதிரைகள் எத்தனை வந்தன, எவ்வளவு பொன் கைமாறியது என்று கணக்கிட்டோம். வந்த குதிரை என்னவாயிற்று என்று கேட்டவர் சிலரே.

அக்கேள்விக்கான விடை, நாம் பெருமைக்காக மேற்கோள் காட்டும் நூல்களிலேயே இருக்கின்றது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஅபர் நாட்டுக் குதிரை வணிகத்தை விரித்துரைத்தார். கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவதாக உடன்படிக்கை இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். கடல்வழியில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியனின் கருவூலம் விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக விளங்கினார்; காயலும் அவர் பொறுப்பில் இருந்தது. இவ்வளவும் நம் கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. ஆனால் அதே பகுதியில் வஸ்ஸாப் தொடர்ந்து சொல்வது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்து வேகவைத்த தானியமும் காய்ச்சிய பாலும் தருகிறார்கள். கொழுக்கவேண்டும் என்பதற்காக முளையடித்துக் கயிற்றால் பிணைத்து லாயத்தில் 40 நாள் நிறுத்திவைக்கிறார்கள். பின்னர்ப் பழக்காமலும் அங்கவடி முதலிய சவாரிச் சாதனங்கள் இல்லாமலும் ஏறிக் கண்மூடித்தனமாக விரட்டுகிறார்கள். எனவே காற்றைப்போல் வந்த குதிரை சிறிது காலத்தில் சோர்ந்து பயனற்றுப் போகிறது என்பது அவர் தரும் செய்தியின் சாரம். ஆண்டுதோறும் புதுக்குதிரை தேவைப்பட்டதற்கு இதுவே காரணம் என்கிறார் அவர்.

வஸ்ஸாப் மஅபருக்கு வந்தவர் அல்லர், கேட்டதை எழுதியவர். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். சங்கப் பாடல்கள் 'வாதுவர்' என்ற பெயரால் குறிக்கும் குதிரைப் பாகர்கள் இந்நாட்டில் இருந்தவர்களே. ஆகவே தமிழகத்தில் பரிப் பயிற்சியே இருந்ததில்லை என்று முடிவுகட்டுவது பிழையாகும். ஆயினும், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேரில் வந்துசென்ற மார்க்கோ போலோவும் ஏறத்தாழ இதையே சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. இறைச்சியோடு சமைத்த சோற்றைக் குதிரைக்கு ஊட்டுகிறார்கள் என்கிறார். அடுத்து அவர் சொல்வதுதான் நம்மை உறுத்தவேண்டியது. குதிரை மருத்துவம் அறிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்துவருவதில்லை. பிறர் வருவதையும் தடுக்கிறார்கள். குதிரைகள் இறந்தால்தான் வணிகம் செழிக்கும் என்பது அவர்கள் எண்ணம் என்று அவர் குற்றஞ்சாட்டுகிறார்.

இக்குற்றச்சாட்டு முழுதும் உண்மையா என்பதை இன்று நிறுவ இயலாது. ஆனால் வழியில் இறந்த குதிரைக்கும் விலை கிடைக்கும் என்ற ஏற்பாட்டில், குதிரை நீண்டநாள் வாழ்வதால் வணிகருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பது வெளிப்படை. நம் முன்னோரின் வணிகத் திறனைப் போற்றும் கட்டுரை இந்தப் பத்தியையும் எதிர்கொண்டாக வேண்டும். எதிர்கொள்ளாமல் பொன்கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வது, வாங்கிய குதிரையைக் கட்டிக் கொழுக்கவைத்த செயலுக்கு ஒப்பானதே.

ஏனெனில் அந்த 40 நாள் கணக்கு அரபு மரபுக்குப் புதியதன்று. குதிரையை ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தும் முறையை அரபியர் 'தள்மீர்' என்றனர். முதலில் நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பர். பின்பு தீனியைப் படிப்படியாகக் குறைத்து உயிர்தாங்கும் அளவுக்குக் கொண்டுவருவர். துணிகளைப் போர்த்தி வியர்க்கச் செய்வர். ஓட்டத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுவர். ஊளைச்சதை கரைந்து தசை இறுகும், மூச்சு நீளும். இதற்கான காலம் 40 நாள் என்று அரபு அகராதி ஆசிரியர் ஜவ்ஹரீ எழுதியுள்ளார். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் போர்வையிட்டு வியர்க்கவைப்பது ஏற்புடையதன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் நாம் கவனிக்கவேண்டியது அதன் கட்டமைப்பை. அங்கும் 40 நாள், இங்கும் 40 நாள். அங்கே கொழுக்கவைத்தல் தொடக்கம். இங்கே அதுவே முடிவு. கடல் கடந்து குதிரை வந்தது. தீனி முறையின் முதற்பாதியும் வந்தது. மறுபாதியாகிய பயிற்சி வரவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) நடத்திய பந்தயத்தை நாம் இந்த ஒளியில் மீண்டும் படிக்கலாம். தள்மீர் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரையிலும், செய்யப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுக்கப்பட்டதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. முன்னது ஐந்து அல்லது ஆறு மைல். பின்னது ஒரு மைல். இளைஞராக இருந்த இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டார். பழகாத குதிரையைப் பழகிய குதிரையின் எல்லைக்கு விரட்டக்கூடாது என்ற நீதி அதில் அடங்கியிருக்கிறது. நபியவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்ட செய்தி முவத்தாவில் உள்ளது. குதிரையின் நெற்றிமயிரையும் பிடரியையும் வாலையும் கத்தரிக்கக்கூடாது என்ற தடை அபூதாவூதில் உள்ளது. ஈயை விரட்டும் வாலும் குளிர்காக்கும் பிடரியும் அந்த உயிரின் உரிமைகளாகின்றன.

மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. தமிழ்ச் சூஃபிகள் ஆன்மப் பயிற்சியைக் குறிக்க ஆளும் 'ரியாளத்' என்னும் சொல், இளங்குதிரையை வசப்படுத்திப் பழக்குவதைக் குறித்த அரபு வேரிலிருந்து பிறந்தது. ஆட்சிமுறையைக் குறிக்கும் 'ஸியாஸத்' என்ற சொல்லும், குதிரை பேணுபவனைக் குறிக்கும் 'ஸாயிஸ்' என்ற சொல்லும் உடன்பிறப்புகள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் மனிதனின் குணம் மாறக்கூடியதே என்று வாதிடும்போது, முரட்டுக் குதிரை பயிற்சியால் பணிவுடையதாவதைச் சான்றாகக் காட்டுகிறார். பயிற்சியால் குதிரையே மாறும்போது மனிதன் மாறமாட்டானா என்பது அவர் வாதத்தின் அடிப்படை. இதைக் குதிரையோடு பழகாத ஒருவர் வெறும் உவமையாகவே படிப்பார். பழகியவருக்கோ அது அனுபவ உண்மை.

பயிற்சி என்பது நிலமும் பருவமும் அறிந்து செய்யப்படுவது. விருதுநகர்ச் சீமையின் கரிசலையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்மண் களியாகிக் குளம்பைப் பற்றி இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் காலை மடக்கும். இடைப்பட்ட மார்கழி, தைப் பனிக்காலமே அந்த மண்ணில் குதிரையைப் பழக்க ஏற்றது. விடியலில் வெப்பம் இல்லை. மூச்சு எளிதில் தளராது. எனினும் குளிர்ந்த தசையை உடனே ஓடவிடலாகாது. முதலில் நடை, பின் சிற்றோட்டம், அதன்பின்னரே பாய்ச்சல். இறங்கியதும் நிறுத்திவிடாமல் வியர்வை உலரும்வரை நடத்தவேண்டும். நாள்தோறும் அதே நேரம், அதே குரல், அதே கை. பயிற்சியின் நேரம் குறைவாகவும் நாட்கள் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். குதிரை இணங்கிய நொடியில் கடிவாளப் பிடி தளரவேண்டும். அந்தத் தளர்வே அதற்குப் பரிசு. அதிலிருந்தே அது கற்றுக்கொள்கிறது.

பட்டாசு வட்டாரத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. குதிரை அஞ்சி ஓடித் தப்பும் இயல்புடைய விலங்கு; கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் காண்பது; காதுகளைத் தனித்தனியே திருப்பி ஓசையைத் தேடுவது. வெடியோசையின் அருகே அதைப் பிடித்து நிறுத்தி அடித்தால் ஓசையோடு வலியும் சேர்ந்து அச்சம் இரட்டிக்கும். தொலைவில் ஓசை கேட்கும் இடத்தில், அது தீனி மெல்லும் அமைதியான வேளையில் தொடங்கி, அது தலை தாழ்த்தி மூச்சு விட்ட பின்னரே ஓரடி நெருங்கவேண்டும். ஏறியிருப்பவன் நடுங்கினால் அந்த நடுக்கம் இருக்கை வழியே குதிரைக்குச் செல்லும். எனவே குதிரையின் அச்சத்தைப் போக்க முனைபவன் முதலில் தன் சினத்தையும் அவசரத்தையும் அடக்கியாக வேண்டும். ரியாளத் என்ற சொல் குதிரைக்கும் நஃப்ஸுக்கும் பொதுவாக வழங்குவதன் நியாயம் இங்கே விளங்கும்.

இனி நம் நாட்டுப்புற இலக்கியத்துக்கு வருவோம். தேசிங்குராஜன் கதைப்பாடல் தமிழ்நாட்டில் பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டது. எவர்க்கும் அடங்காத டில்லிக் குதிரை பாராசாரியைத் தேசிங்கு அரங்கநாதர் அருளால் அடக்கிச் சிறையிலிருந்த தந்தையை மீட்கிறான். அவனுடைய முஸ்லிம் தோழர் மோவுத்துக்காரன், தம் திருமணத்தையும் விட்டுவந்து நீலவேணிக் குதிரையேறிப் போரிட்டு மடிகிறார். 1714இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானுக்கும் செஞ்சியின் தேஜ்சிங்குக்கும் நடந்த போரே இதன் வரலாற்று அடித்தளம். செஞ்சிக்கு அருகே கடலியில் அத்தோழரின் அடக்கத்தலம் காட்டப்படுகிறது. சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாக நாம் இக்கதையை எடுத்துக்காட்டுவது முறையே. ஆனால் இலக்கியத் திறனாய்வு அவ்வளவில் நின்றுவிடலாகாது.

பாராசாரி அடங்கியது அருளின் வலிமையால், ஒரே ஏற்றத்தில். பாடலின் சுவை அந்த அதிசயத்தில் இருக்கிறது. அதே பாடலின் மறுபக்கத்தில் இருப்பது நட்பு. அதுவோ பல ஆண்டுப் பழக்கத்தின் விளைவு. மோவுத்துக்காரன் திருமணப் பந்தலிலிருந்து எழுந்துவருவது அதிசயமன்று. நீண்டநாள் வளர்ந்த நம்பிக்கையின் பயன். கதைப்பாடல் குதிரையை அதிசயத்தால் வெல்கிறது, மனிதனைப் பழக்கத்தால் வெல்கிறது. நமக்கு உண்மையாகப் படுவது இரண்டாவதே. கேட்பவர் கண்ணீர் விடுவதும் அவ்விடத்தில்தான். ஆயினும் பிற்காலத்தில் நம் நினைவில் தங்கி, மேடைக்கும் திரைக்கும் சென்றது முதலாவது. அடக்குதலைப் போற்றினோம்; பழக்குதலை மறந்தோம். கடிவாளமற்ற நாட்காட்டிக் குதிரைக்கு முன்னோடி அந்த ஒருநாள் வெற்றியே.

இது குதிரையோடு முடிந்துவிடும் செய்தியன்று. நல்ல பிள்ளைகளையும் நல்ல நூல்களையும் நல்ல நிறுவனங்களையும் விலைகொடுத்துப் பெற்றுக் கொழுக்கவைத்தபின், அடுத்த பாதிப் பொறுமை நம்மிடம் இல்லாமையால் அவை சோர்ந்துவிடுவதை நாம் காண்கின்றோம். உடனே இன்னொன்றை வரவழைக்கப் புறப்படுகின்றோம். பரம்பரையைப் பேசுவோருக்கு வஸ்ஸாபின் அந்த ஒரு பத்தி போதிய எச்சரிக்கை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது பேதைமை என்பது ஊரறிந்த பழமொழி. பழக்காத நல்ல குதிரையை நம்பி இறங்குவதும் அவ்வளவே.

திருமறையின் 100ஆம் அத்தியாயமாகிய அல்ஆதியாத்து, மூச்சிரைக்க ஓடி விடியற்பொழுதில் புழுதி கிளப்பும் குதிரைகள்மீது சத்தியமிட்டுத் தொடங்கி, மனிதன் தன் இரட்சகனுக்கு நன்றி கெட்டவன் என்ற கூற்றை நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை மஆரிஃபுல் குர்ஆனில் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) விளக்குகிறார். குதிரையைப் படைத்தவன் மனிதன் அல்லன். அவன் தருவது சிறிது தீனி மட்டுமே. அதற்காகவே அது அவன் குறிப்பறிந்து உயிரையும் பொருட்படுத்தாமல் ஓடுகிறது. மனிதனோ தன்னைப் படைத்தவனை மறக்கிறான். அந்தச் சூராவின் குதிரைகள் பழகிய குதிரைகள், ஏறியவனுக்காக ஓடுபவை. அவற்றை நாட்காட்டிக் குதிரைகளோடு ஒன்றாக எண்ணிப் படித்தால், சத்தியத்தின் பொருளையே இழந்தவர்களாவோம்.