கயிறு யார் கையில்? ரிஸ்க்-ஃபைவ் இன்டரப்ட் கன்ட்ரோலர் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

சென்னை ஐஐடியின் சக்தி செயலி பற்றிப் பேச்சு வந்தாலே 'நம்ம ஊர் சிப்' என்ற பெருமைதான் முதலில் வரும். நியாயமான பெருமைதான். 2018-லேயே அது சிலிக்கானாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் இங்கே நான் பார்க்கப்போவது கோரை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் ப்ளிக் என்ற இன்டரப்ட் கன்ட்ரோலரை. இது சக்தியின் தனிச்சொத்து இல்லை. ரிஸ்க்-ஃபைவ் சிப்புகள் பலவற்றிலும் இதேதான்.

ப்ளிக் வேலை செய்யும் விதம் எளிது. ஏதோ ஒரு சாதனம் கூப்பிடுகிறது என்று மட்டும் கோருக்குச் சொல்லும். எது என்று தெரிய, கோர் 'க்ளெய்ம்' ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் எழுதி 'முடிந்தது' என்று சொல்ல வேண்டும்.

ஒரே கணினியில் பல ஆபரேட்டிங் சிஸ்டங்களை ஓட்டும் ஹைபர்வைசர் வந்தால்தான் சிக்கல். உள்ளே ஓடும் கெஸ்டை நிஜ ப்ளிக்கைத் தொட விட முடியாது, அடுத்த கெஸ்டின் இன்டரப்டும் அங்கேதானே இருக்கிறது! அதனால் ஹைபர்வைசர் ஒரு போலி ப்ளிக்கைக் காட்டுகிறது. கெஸ்டைக் கூப்பிடுவது சுலபம், ஒரு பிட்டை வைத்தால் போதும். ஆனால் க்ளெய்மைப் படிக்கப் போனால் கெஸ்ட் நின்றுவிடும், ஹைபர்வைசர் விழித்துக்கொள்ளும். கேவிஎம்மில் போலி ப்ளிக் இருப்பது கெர்னலிலும் இல்லை, வெளியே க்யூஎமு போன்ற நிரலில். ஆக, ஒரு இன்டரப்டுக்கு இரண்டு நெடும்பயணம்.

எங்கள் தூத்துக்குடியில் முன்பு நடந்த முத்துக்குளிப்பில் மூழ்கியவர் கயிற்றை இழுத்தால் தோணியில் இருப்பவர் உடனே தூக்கிவிடுவார். கயிறு அவர் கையிலேயே இருக்கும். அதற்குப் பதில் தோணியில் ஒரு மணி மட்டும் அடித்து, யார் இழுத்தது என்று கரைக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, தூக்கிய பிறகு மறுபடி கரைக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்றால்? அதுதான் போலி ப்ளிக்.

இது யாருக்கும் தெரியாத பிரச்சினையா? இல்லையே. எக்ஸ்86-ல் முதலில் க்யூஎமுவில் இருந்த போலி ஏபிக், பிறகு கெர்னலுக்குள் போனது, அப்புறம் இன்டெல் அதை வன்பொருளிலேயே செய்துகொடுத்தது. ஆர்மின் ஜிஐசியோ, இரண்டாம் பதிப்பிலேயே கெஸ்ட் நேரடியாகத் தொடும்படி ஒரு மெய்நிகர் இடைமுகத்தைக் கொடுத்துவிட்டது.

என் விமர்சனம் வரிசையைப் பற்றியது. ரிஸ்க்-ஃபைவின் ஹைபர்வைசர் நீட்சி 2021 இறுதியில் ஒப்புதல் பெற்றது. 2022 ஜனவரியில் லினக்ஸ் 5.16-ல் கேவிஎம் வந்தது. இன்டரப்டுக்கான ஏஐஏ விவரக்குறிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது 2023-ல்தான். கோருக்கும் நினைவகத்துக்கும் வழி செய்துவிட்டு, இன்டரப்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டதுபோல் இருக்கிறது. மென்பொருளைத் திருத்தலாம், இடைப்பட்ட காலத்தில் ப்ளிக்கோடு வார்த்த சிப்பைத் திருத்த முடியாது.

ஏஐஏ நல்ல வடிவமைப்புதான். கெஸ்டுக்கென்று கோரிலேயே ஒரு 'இன்டரப்ட் ஃபைல்' உண்டு. சாதனம் அனுப்பும் செய்தி ஐஓஎம்எம்யூ வழியாக நேரே அதில் விழும். ஹைபர்வைசர் எழவே வேண்டாம். குறை என்னவென்றால், 64 பிட் கோர் ஒன்றுக்கு அதிகபட்சம் 63 கெஸ்ட் ஃபைல்கள், குறைந்தபட்சம் பூஜ்யம். பூஜ்யம் வைத்தாலும் விதிப்படி சரியே! கம்பி வழி இன்டரப்டுகளுக்கான ஏப்ளிக்கையும் கெஸ்டுக்கு இன்னும் போலியாகத்தான் காட்ட வேண்டும்.

ப்ளிக்கையும் முழுசாகத் தள்ளிவிட வேண்டாம். மோட்டார், சென்சார் என்று ஒரே வேலை பார்க்கும் சிப்புக்கு அது தாராளம். ஒரு மாணவர் உட்கார்ந்து படித்துத் தானே எழுதிவிடலாம். சர்வருக்கு அது போதாது, அவ்வளவுதான்.

2022-ல் மத்திய அரசு டிர்-வி திட்டத்தை அறிவித்ததிலிருந்து உள்நாட்டு சிப் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்து 'இந்திய சர்வர் சிப்' என்று ஏதாவது வந்தால், எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதோடு நிறுத்தாதீர்கள். கோருக்கு எத்தனை கெஸ்ட் ஃபைல் என்றும் கேளுங்கள். பதில் பூஜ்யம் என்றால், ஏஐஏ என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் உங்கள் கெஸ்ட் இன்னும் கரைக்குத்தான் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.