அடுக்களைத் துறவி

'இறைவன் திருமுன் வாழும் பயிற்சி' என்னும் பொருள்படும் பெயரால் உலகெங்கும் வழங்கிவரும் பிரெஞ்சு நூல் கையடக்கமானது. நான்கு உரையாடல்கள், சில கடிதங்கள், சில நெறிமொழிகள்; இவையே அதன் உள்ளடக்கம். நூலின் நாயகர் பாரிசு மாநகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சமையற்காரராய் இருந்த சகோதரர் லாரன்சு. எளிய வேலையும் வழிபாடே என்று எடுத்துரைக்க விரும்பும் பிரசங்கிகள் பலரும் இந்நூலைத் தேடிச் செல்கின்றனர். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் அவர் இறையன்பின் பொருட்டே செய்தார் என்று சொல்லி நெகிழ்கின்றனர். அத்துடன் நூலை மூடிவிடுகின்றனர். நூல் சொல்லும் செய்தியோ அத்துணை இனிப்பானதன்று.

லாரன்சின் இயற்பெயர் நிக்கோலா எர்மான். 1614ஆம் ஆண்டளவில் லொரேன் நாட்டிலே பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் படைவீரராய் நின்று காயமுற்றவர். பின்னர்ப் பாரிசில் ஒரு பொருளாளரிடம் ஏவலராய் இருந்தார். அங்கே கைபட்டதையெல்லாம் உடைக்கும் முரட்டு ஆளாகத் தாம் இருந்ததை அவரே பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறினார். 1640இல் மடம் புகுந்தார். குருப்பட்டத்துக்குரிய கல்வி இல்லாமையால் வேலைக்குரிய சகோதரராகவே ஏற்கப்பட்டு, சமையற்கட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அந்த வேலை இயல்பாகவே பிடிக்காத ஒன்று. இச்செய்தி நூலில் தெளிவாக உள்ளது. பிரசங்கிகள் விட்டுவிடுவதும் இதனையே. பிடிக்காத அடுக்களையில் ஏறத்தாழ 15 ஆண்டு கழித்தார். பின்னர் மடத்தாரின் செருப்புத் தைக்கும் பட்டறைக்கு மாறினார்.

ஆகவே, சமையல் தன்னளவில் அழகானது என்றோ, அடுப்புப் புகையில் ஒரு கவிதை உண்டு என்றோ லாரன்சு சொல்லவில்லை. வேலையை மாற்றிக்கொள்வதில் தூய்மை இல்லை. வழக்கமாகத் தனக்கெனச் செய்யும் அதே வேலையை இறைவனுக்கெனச் செய்வதில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. செப வேளை வேறு, வேலை வேளை வேறு என்னும் பிரிவு அவருக்கு மறைந்துபோயிற்று. பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பொருளைக் கேட்டுக் கூச்சலிடும் அடுக்களையிலும், தேவநற்கருணைமுன் முழந்தாளிட்டிருக்கும்போதுள்ள அமைதி தமக்கு உண்டு என்றார். அந்த அமைதி எளிதில் வந்ததுமன்று. தமக்கு மீட்பே இல்லையென்று நம்பி நான்காண்டுக் காலம் துயருற்ற மனிதர் அவர்.

இந்தக் கருத்து லாரன்சே புதிதாய்க் கண்டதன்று. சபையைச் சீர்திருத்திய அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள், சட்டிபானைகளின் நடுவிலும் ஆண்டவரைக் காணலாம் என்று முன்னரே தம் கன்னியர்க்கு அறிவுறுத்தியுள்ளார். ஆனால் தெரேசம்மாள் தலைவி. லாரன்சோ சட்டிபானையைக் கழுவியவர். ஒரே கருத்து மேலிருந்து வரும்போது அறிவுரையாகிறது. கீழிருந்து வரும்போது சான்றாகிறது.

தாழ்ச்சியைப் பற்றி அவர் காட்டும் வழி தனித்து நோக்கத்தக்கது. தம்மைத் தாமே இழித்துரைத்துக்கொள்ளும் தாழ்ச்சி பக்தி நூல்களில் மலிந்து கிடக்கிறது. படிப்போரைச் சலிப்படையச் செய்வதும் அதுவே. லாரன்சு அதில் தேங்கி நிற்பவர் அல்லர். தவறு நேர்ந்தால் ஒத்துக்கொள்வார். துணையின்றி விடப்பட்டால் தம்மால் இப்படித்தான் செய்ய இயலும் என்பார். உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். தம் குறையைப் பற்றி நெடுநேரம் வருந்துவதும் தம்மையே நினைத்துக்கொண்டிருப்பதன் ஒரு வகை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். தமிழில் 'பணி' என்னும் சொல் தொழிலையும் குறிக்கும், வணங்கு என்றும் பொருள்படும். பணிவும் அதன் வழியே பிறந்த சொல். பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள். லாரன்சின் வாழ்க்கையை விளக்கத் தமிழ் வாசகர்க்கு அந்த ஒரு சொல்லே போதும்.

நூலை உருவாக்கியவர் லாரன்சு அல்லர். ஜோசப் பொஃபோர் என்னும் குருவானவர். 1666 ஆகஸ்டு 3இல் நிகழ்ந்தது முதல் சந்திப்பு. இறைவனுக்கு ஊழியம் செய்யும் உண்மையான விருப்பம் இருந்தால் எத்தனை முறையும் வரலாம், இல்லையேல் இனி வரவேண்டா என்று சமையற்காரர் குருவானவரிடம் கூறியிருக்கிறார். தாழ்ச்சி என்பது கூனிக் குறுகுதல் என்று கருதுவோர் இந்தப் பகுதியைப் படித்தல் நலம். 1691 பிப்ரவரி 12இல் லாரன்சு இறந்தபின், 1692இலும் 1694இலும் பொஃபோர் நூல்களை வெளியிட்டார். பிறர்க்குக் காட்டலாகாது என்னும் நிபந்தனையோடு லாரன்சு எழுதிய கடிதமும் அச்சேறிவிட்டது! உரையாடல்களில் லாரன்சின் நேர்மொழி எவ்வளவு, பொஃபோரின் திருத்தம் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. ஆனால், ஆற்றுப் பயணத்தில் காலூனமுற்ற லாரன்சு மதுப் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டு படகில் இடம்பெயர்ந்த காட்சியைக் கற்றவர் ஒருவர் கற்பனையாய்ப் புனைந்திருக்க மாட்டார்.

நூலின் பின்வரலாறு விந்தையானது. லாரன்சை நேரிற் கண்டு போற்றியவர் மேற்றிராணியார் ஃபெனெலோன். அவருடைய நூலொன்றின் கருத்துகளை 1699இல் பாப்பரசர் கண்டித்தார். அந்தப் பூசலின் நிழல் இறந்துபோன சமையற்காரர் மீதும் விழுந்தது. பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடையே மங்கிய நூலைப் புரொட்டஸ்டாண்டு அறிஞர் பியேர் புவாரே மறுபடி அச்சிட்டார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தம் நூல்வரிசையில் சேர்த்தார்.

குறையும் உண்டு. வேலையின் தூய்மையைப் பேசும் நூல், வேலைக்குரிய நியாயத்தைப் பேசவில்லை. லாரன்சு தாமே விரும்பி மடம் புகுந்தவர். சாகும்வரை அவருக்கு உணவும் உறைவிடமும் உறுதி. கூலிக்குச் சமைப்பவருக்கு அந்த உறுதி ஏது? எசமானர் ஒருவர் தம் ஏவலரிடம் இந்நூலை நீட்டினால், அதே சொற்கள் வாயடைக்கும் கருவியாகிவிடும். லாரன்சு அவ்வாறு பிறர்க்கு விதித்தாரில்லை. தம்மைப் பற்றியே பேசினார். தொழிலாளி பிழைப்பதற்குப் போதிய கூலி அவனுக்குரிய உரிமை என்பதைப் பாப்பரசர் 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட தொழிலாளர் நிருபம் வற்புறுத்திற்று. பொஃபோரின் இரண்டாம் நூலுக்கும் அந்நிருபத்துக்கும் இடையே 197 ஆண்டுகள். லாரன்சின் சிறு நூலை ஏவலர் கையில் கொடுப்போர், இந்த நிருபத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு கொடுப்பதே முறை.