தீடை மணலும் தொட்டி மணலும்

கடல்நீர்த் தொட்டியைப் பார்க்க வருபவர்கள் மீனைப் பார்ப்பார்கள், பிறகு பவளத்தைப் பார்ப்பார்கள். என் கண் முதலில் அடிக்கண்ணாடியில்தான் போய் நிற்கும். நல்ல மணல் அங்கே தன் கதையைத் தானே சொல்லும். மேலே வெளிர்நிறப் படை, அதன்கீழ் பழுப்பு, இன்னும் கீழே சாம்பல். நடுவே புழுக்கள் துளைத்த நூல் போன்ற வழிகள், ஆங்காங்கே சிறு குமிழிகள். மேற்படையில் ஒட்சிசன் உண்டு. அங்குள்ள பக்டீரியாக்கள் மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக்குகின்றன. ஒட்சிசன் எட்டாத கீழ்ப்படையில் வாழும் வேறு பக்டீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. குமிழிகள் பெரும்பாலும் அந்த வாயுதான். அவற்றைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தொட்டியை வைத்திருப்பவர்மேல் மதிப்பு வந்துவிடும்.

மணலை ரசிக்கப் பழக மன்னார்த் தீவைப் போல் ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை. தலைமன்னாருக்கு அப்பால் இராமேஸ்வரத்தை நோக்கிக் கிடக்கும் தீடைகள் என்ற மணல்திட்டுகளில் மணல் ஒருநாளும் ஓய்வதில்லை. சோழகக் காற்று ஒரு பக்கம் தள்ளும், வாடைக் காற்று மறுபக்கம் தள்ளும். தாழ்வுபாட்டுக் கரை மன்னார் வளைகுடாவின் அலையை நேரே வாங்குகிறது. பேசாலைக் கரை பாக்கு நீரிணைப் பக்கம் பார்த்திருக்கிறது. அலை பலத்த இடத்தில் பொடி நிற்காது, பருமணலே மிஞ்சும். ஒதுக்கமான இடத்தில் பொடி படியும். தொட்டிக்கும் இதே விதிதான். பம்பு வேகமாக அடிக்கும் மூலையில் சீனிபோன்ற பொடிமணலைக் கொட்டினால் மறுநாள் அங்கே வெறுங் கண்ணாடிதான் இருக்கும்.

மன்னார் மணலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். படிகக்கல், சிப்பித்தூள், பவளத்துண்டு, இவற்றுக்கிடையே மின்னும் கருந்துகள். அந்தக் கருமையில் பெரும்பங்கு இல்மனைற்று என்ற கனிமம். அதற்காகத்தான் ஒரு வெளிநாட்டு நிறுவனம் தீவில் துளையிட்டு ஆய்வு செய்தது. அதை எதிர்த்துத்தான் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த மக்கள் பக்கமே நானும். தாழ்ந்த தீவு அது. மணலை இழந்தால் கடலைத் தடுக்க அங்கே வேறொன்றும் இல்லை. தொட்டிக்காரருக்கும் அந்தக் கருந்துகள் வேண்டாதவை. அவருக்கு வேண்டியது சுண்ணாம்பு மணல். இரண்டு சொட்டு வினாகிரி விட்டால் பொங்கும். நீர் புளிக்கத் தொடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதைத் தாங்கிப்பிடிக்கும். படிகக்கல் அதைச் செய்யாது.

கடலடியையே திருத்த நினைத்தவர்களும் இந்தக் கரைக்கு வந்திருக்கிறார்கள். முத்துச்சிப்பிப் பார்களை ஆராய 1902இல் வந்த வில்லியம் ஹேர்ட்மன் ‘பெரிய பார்’ என்ற பாரைக் கவனித்தார். அங்கே இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் படியும். சோழகக் காலத்தில் அடித்துச் செல்லப்பட்டோ மணலில் புதைந்தோ அழிந்துபோகும். சிப்பி பற்றிக்கொள்ளக் கல்லையும் பவளத்துண்டையும் பாரில் இடலாம், இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றலாம் என்று அவர் யோசனை சொன்னார். எந்த உயிருக்கு எந்தத் தரை என்று கேட்டுத் தொடங்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் மணலின் உண்மையான கைவினைஞர் கடலட்டைதான். வெள்ளை அட்டை மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் பக்டீரியாவையும் மக்கிய பொருளையும் செரித்து, மிச்ச மணலைச் சரம்போல் வெளியே விடும். நாள்தோறும் புதைந்து எழுந்து அடியைக் கிளறியும் கொடுக்கும். தூத்துக்குடியில் 1988இல் அதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். இன்று மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் அட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. ஆசைப்பட்டு அதை வீட்டுத் தொட்டியில் விடாதீர்கள். ஓரடி வரை வளரும் உயிர் அங்கே பட்டினியால் சுருங்கும். பம்பில் அரைபட்டால் அதன் நஞ்சு மீன்களையும் கொல்லும். சின்ன நத்தைகளும் புழுக்களும் போதும்.

மணலை மாற்றுவதில்தான் ஒருவரின் பக்குவம் தெரிகிறது. முழுவதையும் ஒரே நாளில் அள்ளுவது மணலோடு பக்டீரியாவையும் வெளியே கொட்டுவது. ஆழப்படையைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஐதரசன் சல்பைட்டு எழும். கைதேர்ந்தவர்கள் தண்ணீர் மாற்றும் நாளில் குழாயால் காற்பங்கை உறிஞ்சி எடுப்பார்கள். அமோனியாவைச் சோதித்துச் சில வாரம் பொறுத்துத்தான் அடுத்த காற்பங்கில் கைவைப்பார்கள். புதுமணலைக் கலங்கல் தெளியும்வரை அலசி, பம்பை நிறுத்திவிட்டு, அகன்ற குழாய் வழியாக அடியிலேயே இறக்குவார்கள். பழைய மேற்படையில் ஒரு கைப்பிடியை அலசாமல் எடுத்துவைத்து அதன்மேல் தூவுவார்கள். புதுமணலுக்கு அதுதான் விதை. படையின் ஆழத்தையும் முன்பே முடிவுசெய்துகொள்வார்கள்: கழிவை உறிஞ்சி எடுக்க இரண்டு சென்ரிமீற்றர் பருமணல், நைத்திரேற்றைக் குறைக்கப் பத்துக்கு மேல் பொடிமணல். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஐந்து சென்ரிமீற்றரை நான் விரும்புவதில்லை. கழிவு அதில் சிக்கிக்கொள்ளும், அடியில் வேலை நடக்கப் போதிய ஆழமும் இருக்காது.