மூச்சு வாங்கினால் ரத்தம் உறைந்ததா?

பெருமுக்கல் மலைக்கோயில் படியில் பாதி ஏறியதும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். “கொரோனா வந்ததுலேர்ந்து இப்படித்தான் தம்பி. ரத்தம் உறைஞ்சிருக்கும்னு சொல்றாங்க” என்றார். சட்டைப்பையில், ரத்தம் உறைந்ததா என்று பார்க்கும் டி-டைமர் பரிசோதனைச் சீட்டு இருந்தது. மருத்துவர் எழுதித் தரவில்லை. அவராகவே போய் எடுத்தது.

அவர் பயம் வெறும் புரளி அல்ல. சுவீடனில் தொற்று கண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை, தொற்றாத நாற்பது லட்சம் பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்தது. நுரையீரலில் ரத்தம் உறையும் அபாயம் முதல் மாதத்தில் 33 மடங்கு. கேட்டால் குலை நடுங்கும். ஆனால் தலைக்கணக்கில் அது 10,000 பேருக்கு 17 பேர்தான். நோய் முற்றியவர்களுக்கே அபாயம் மிக அதிகம்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது காலக்கணக்கை. கால் ரத்தக்குழாயில் உறையும் அபாயம் மூன்று மாதம் வரையும், நுரையீரலில் ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்தது. நீடித்த கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ, தொற்றி மூன்று மாதமாகியும் விலகாத தொல்லையை. அபாயம் வடியும் நேரத்தில்தான் இந்தப் பெயரே ஒட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சு வாங்குகிறவருக்கு அந்த 33 மடங்கைத் தூக்கிக்காட்டுவது பிழை.

‘நுண் உறைவுகள்’ என்ற வாதமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் எத்தேரேசியா பிரெட்டோரியஸ் குழு, எளிதில் கரையாத நுண்ணிய உறைவுகளை நீடித்த கோவிட் நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. சுவையான கண்டுபிடிப்புதான். ஆனால் சர்க்கரை நோயாளிகளிடமும் அவை தென்படுகின்றன. அதை நம்பி, ரத்தத்தைச் ‘சலவை’ செய்துகொள்ளச் சிலர் ஜெர்மனிவரை போய்ப் பணத்தைக் கொட்டினார்கள். ஆய்வுக்கு வெளியே அந்தச் சிகிச்சைக்கு நியாயமில்லை என்று 2023-ல் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை முன்வைத்து, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் படுத்தவர்களிடம் இந்த அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டு தவணை கோவிட் தடுப்பூசி போட்டவர்களிடம் பாதி. இது உறைவைப் பற்றிய ஆய்வு அல்ல, திடீர் மரணத்தைப் பற்றியது. என்றாலும் ‘எல்லாம் ஊசியால் வந்தது’ என்ற டீக்கடைத் தீர்ப்பு இதன் முன் நிற்காது. ஊசியாலும் மிக அரிதாக உறைவு வந்ததுண்டு. அது போட்ட சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும்.

பெரியவரின் சீட்டுக்கு வருகிறேன். டி-டைமர் வயதானாலே ஏறும். காயம், காய்ச்சல் எதற்கும் ஏறும். ஏறியிருப்பதால் மட்டும் உறைவு என்றாகாது. ரத்தசோகை, இதயக்கோளாறு, இந்தப் பக்கத்துக் கல்குவாரித் தூசி என்று மூச்சு வாங்க வேறு காரணங்கள் எத்தனையோ.

என் முடிவு: தொற்றிய புதிதில் அபாயம் மெய், நீடித்த கோவிட் உள்ள எல்லோருக்கும் உறைவு என்பது நிறுவப்படவில்லை. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரையைத் தானே வாங்கி விழுங்கினால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ யோசிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.